வெள்ளிக்கிழமை ஜீப் பாக்கப் போன கேக்

அன்னைக்கு வேலை ரொம்பச் சின்னது. பழைய ஜீப் ஒண்ணு விலைக்கு வந்திருந்திச்சு. ஓட்டிப் பாத்து, புடிச்சிருக்கா இல்லையான்னு சொல்லணும். அவ்வளவுதான்.

அதுக்கு எதுக்கு ஆமிக்காரங்க ரோட்ட மறிச்சாங்கன்னுதானே கேக்குறீங்க? அங்கதான் வர்றேன்.

நான் கல்யாண கேக் செய்றவ. மாத்தளைக்குப் பக்கத்துல அலுவிகாரையில எங்க வீட்டு முன் அறைதான் கடை. சண்டை மறுபடியும் புடிச்சுக்கிட்ட காலம் அது. யாழ்ப்பாண ரோட்டுல எங்க பாத்தாலும் செக் பொயிண்ட். ஆனா சண்டை வந்தா கல்யாணம் நிக்குமா? யாரும் கேக் வேணாம்னு சொல்லல.

தொழில் ரகசியம் ஒண்ணு சொல்லிடுறேன், இல்லாட்டி மிச்சம் விளங்காது. கல்யாண மேசையில மூணு தட்டா நிக்குதே, அது முக்கால்வாசி கேக்கே இல்ல. உள்ள ரெஜிபோம். புது டீவி வாங்கினா பெட்டிக்குள்ள வெள்ளையா லேசா வருமே, அதுதான். அதுமேல ஐசிங் பூசி, பூ வச்சு, தூண் நிப்பாட்டிக் குடுப்போம். வந்தவங்க திங்கிற துண்டெல்லாம் தனியா டப்பாவுல இருக்கும். பொண்ணும் மாப்பிள்ளையும் வெட்டுறதுக்கு மட்டும் நிஜ கேக் ஒரு துண்ட அன்னைக்குக் காலையில கீழ்த்தட்டுல செருகுவோம். ரகசியம்னு சொன்னேனே தவிர, இது ஊருக்கே தெரியும்.

என் பிரச்சின கேக் இல்ல, ரோடு. பாதி ஓடர் தேயிலைத் தோட்டத்துலருந்து வரும். எங்க வேன் தோட்டத்து மேட்டக் கண்டாலே இருமும், நிக்கும், அப்புறம் மரியாதையா பின்னுக்கு உருளும். போன தடவ ரத்தோட்டைக்கு மேல ஒரு தோட்டத்து டிவிசனுக்கு மூணு தட்டு ஏத்திக்கிட்டுப் போனோம். போய்ச் சேந்தது ரெண்டு தட்டு. மூணாவது என் மடியில இருந்திச்சு.

மாப்பிள்ளையோட அம்மா சகுனம் சரியில்லன்னு ஒரு பாட்டம் அழுதாங்க. அந்தக் கதை தோட்டத்து வரிசை வீடெல்லாம் லயம் லயமாப் போச்சு. கேக்குக்கு விலை கேட்டுட்டுப் போனவங்க ரெண்டு பேரு திரும்பியே வரல.

வர்ற ஞாயித்துக்கெழம அதே தோட்டத்துல இன்னொரு கல்யாணம். பொண்ணு புஷ்பம், தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல, அம்மாமாரு வேலைக்குப் போனா பிள்ளைகளப் பாத்துக்கிறவ. வீட்டுல எல்லாரும் வேணாம்னு சொல்லியும், கேக்குன்னா ஸ்டெல்லா அக்காதான்னு ஒத்தக் கால்ல நின்னிருக்கா. அவளுக்காகவாச்சும் இது நிமிந்து போய்ச் சேரணும். இதுவும் சாஞ்சா என் கடைக்குப் பூட்டுத்தான். அதனாலதான் ஜீப்.

ஜீப்புக்காரர் நிசாம் நானா. முஸ்லிம் அண்ணன்மார எங்க பக்கம் நானான்னுதான் கூப்பிடுவோம். கலேவெலயில வெங்காய வியாபாரம். வெள்ளிக்கெழம அவரே ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாட்டினாரு. ஜப்பான் சாமான். ரொம்பப் பெருசும் இல்ல, சின்னதும் இல்ல. அந்த மாடல கம்பெனிக்காரன் செய்றத விட்டே வருசக்கணக்காச்சு.

"அதனாலதான் தங்கச்சி இதுக்கு மதிப்பு. இனி இப்படி ஒண்ணு வராது"ன்னாரு நானா.

"இனி இதுக்கு உதிரிச் சாமானும் வராது"ன்னு முணுமுணுத்தாரு எங்க வீட்டுக்காரர் அருள்.

அருள் பள்ளிக்கூடத்து வாத்தியார், ஜீப்புக்காக அன்னைக்கு லீவு போட்டிருந்தாரு. வாகனத்தப் பத்தி எனக்கு என்ன தெரியுமோ அதேதான் அவருக்கும் தெரியும். ஆனா ஆம்பளன்னு ஆன பொறகு சும்மா நிக்க முடியுமா? டயர எத்திப் பாத்தாரு. வண்டியோட பொடித் தகரத்த விரலால தட்டி, காது வச்சுக் கேட்டாரு. ஒயில் கம்பிய உருவி மோந்து பாத்து, வைத்தியர் மாதிரி தலைய ஆட்டினாரு. என்ன வாசம்னு கேட்டேன். ஒயில் வாசம்தான்னாரு.

நானாகிட்ட எல்லாத்துக்கும் பதில் இருந்திச்சு. ஏசியில வெக்கைக் காத்து வருதேன்னா, மலைநாட்டுல இருக்கிற உங்களுக்கு எதுக்கு ஏசிங்கிறாரு. கதவுக் கண்ணாடிய ரெண்டு கையாலயும் தூக்கணுமேன்னா, கள்ளனுக்கும் அப்படித்தானேங்கிறாரு. மீட்டர் ஓடலயேன்னா, வயசு ஏறாம அப்படியே நிக்குதுங்கிறாரு. மனுசன் வெங்காயத்தையும் இப்படித்தான் வித்திருப்பாரு போல.

ஃபோர் வீல் இருக்கான்னு கேட்டேன். கியர் பக்கத்துல இருந்த குட்டிக் கம்பியக் காட்டினாரு. தலையில நாலுன்னு எழுதியிருந்திச்சு. எனக்கு அது போதும்!

அதுக்குள்ள ஜும்மாவுக்கு நேரமாச்சு. தொழுதுட்டு வர்றதுக்குள்ள நல்லா ஓட்டிப் பாருங்கன்னு சாவிய அருள் கையில வச்சுட்டு, த்ரீவீல்ல ஏறி டவுன் பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு. போகும்போதே போனையும் நிப்பாட்டிட்டாரு.

இங்கதான் என் மூளை வேலை செஞ்சிச்சு.

குலுக்கல் எப்படின்னு பாக்கணும்னா, பின்னால ஒரு வாளி தண்ணி வச்சு ஓட்டுவோம், சிந்துதா பாப்போம்னு அருள் சொன்னாரு. நல்ல யோசனை. வாத்தியார் யோசனை. கேட்டிருக்கலாம்.

"தண்ணி என்னாங்க தண்ணி? கல்யாணத்துக்குத் தண்ணியா கொண்டு போறோம்? கேக்கயே ஏத்துவோம்"னேன் நான்.

ஏத்தினது எது தெரியுமா? ஞாயித்துக்கெழம கேக்கேதான். புஷ்பத்தோட கேக். இன்னைக்குத் தாங்கினா அன்னைக்கும் தாங்கும்ல? அருள் என்னைப் பாத்த பார்வையில, கட்டின நாள்லருந்து சேத்து வச்ச பொறுமை முழுசும் இருந்திச்சு.

இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன். அது சாதாரணக் கேக் இல்ல. போன தடவ போன மானத்தத் திருப்பி எடுக்கணும்னு, மாத்தளையில யாருமே செய்யாதத செஞ்சிருந்தேன். மூணு தட்டச் சுத்தியும் குட்டி பல்ப். உச்சியில பொண்ணு மாப்பிள்ளை பொம்மை மெல்லமாச் சுத்தும். அதுக்கு உள்ளுக்குள்ள சின்ன மோட்டர் ஒண்ணு. அடியில பெட்டரிப் பெட்டி. எல்லாத்தையும் சேத்துக் கட்டின செவப்பு வயர், கறுப்பு வயர்.

விளங்கிடுச்சா? எனக்கு மட்டும் அப்ப விளங்கல.

வாகனம் கொறைவான பக்கமாப் போவோம்னு அருள் நாவுல ஊர்ப் பக்கம் திருப்பினாரு. மேடு பள்ளத்துல ஏத்தி எறக்கினாரு. நான் பின்னால பெட்டிய அணைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். கேக் அசையல. மனசுக்குள்ள நான் ஜீப்ப வாங்கியே முடிச்சுட்டேன்.

வளைவு தாண்டினா செக் பொயிண்ட்.

ஒரு சிப்பாய் வந்து அடையாள அட்டைய வாங்கிப் பாத்தாரு. ரெண்டும் தமிழ்ப் பேரு. பின்னால பெட்டிக்குள்ள என்னன்னு சிங்களத்துல கேட்டாரு. கேக்னேன். தொறந்து காட்டச் சொன்னாரு. தொறந்தேன். எட்டிப் பாத்தாரு. வயரப் பாத்தாரு. ஒரு அடி பின்னால வச்சாரு. அப்புறம் இன்னொரு அடி.

அப்புறம் ஆபீசர் வந்தாரு. கேள்வி மேல கேள்வி.

கல்யாணம் எப்ப? ஞாயித்துக்கெழம. இன்னைக்கு வெள்ளிதானே? ஆமா. எங்க கல்யாணம்? ரத்தோட்டைக்கு மேல. ரத்தோட்டைக்கு இந்தப் பக்கம் வழியே இல்லையே? இல்லதான். அப்ப எங்க போறீங்க? எங்கயும் போகல, ஜீப்ப ஓட்டிப் பாக்குறோம். ஜீப் யாரோடது? கலேவெல நிசாம் நானாவோடது. அவரோட முழுப் பேரு? தெரியாது. அவரு எங்க? பள்ளியில. போன் போடுங்க. நிப்பாட்டி வச்சிருக்காரு.

சொன்னது அத்தனையும் உண்மை. ஒண்ணுகூட நம்புற மாதிரி இல்ல.

சரி, கேக்னா ஒரு துண்டு வெட்டித் தின்னு காட்டுங்கன்னாரு ஆபீசர். இத திங்க முடியாது சேர்னேன் நான்.

இப்ப சிரிச்சுக்கிட்டேதான் எழுதுறேன். அன்னைக்குச் சிரிப்பு வரல. அந்த நாள்ல நம்ம பேரோட, அடுத்தவன் ஜீப்புல, வயரோட மாட்டினா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். மாதாவே, மகனை ஸ்கூல்லருந்து யாரு கூட்டிக்கிட்டு வருவான்னுதான் மனசுல ஓடிச்சு. அருளப் பாத்தேன். அவரு உதடு வெள்ளையா இருந்திச்சு.

ரெண்டு பக்கமும் ரோட்ட மறிச்சாங்க. பஸ் நின்னுச்சு, லொறி நின்னுச்சு. பெட்டிய எறக்கி நடு ரோட்டுல வைக்கச் சொன்னாங்க. ஒரு சிப்பாய் நீட்டுக் கம்பி ஒண்ணு கொண்டு வந்தாரு. குத்திப் பாக்கப் போறாரு.

அந்தக் கம்பியக் கண்டதும் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்துச்சோ தெரியல.

"குத்தாதீங்க சேர். நானே போட்டுக் காட்டுறேன். எல்லாரும் தள்ளி நில்லுங்க"ன்னேன்.

தள்ளி நில்லுங்கன்னு நான் சொல்லியிருக்கக் கூடாதுதான். எல்லாரும் ரொம்பவே தள்ளிப் போயிட்டாங்க. பஸ்ஸுல இருந்தவங்க தலையெல்லாம் உள்ள போயிடுச்சு.

நான் மட்டும் நடந்து போய்க் குந்தினேன். சுவிட்சப் போட்டேன்.

ஒண்ணும் நடக்கல.

குலுக்கல்ல பெட்டரி கழண்டிருக்கு. திரும்பிப் பாத்தேன். ஆபீசர் மண் மூட்டைக்குப் பின்னால. அருள் அவருக்கும் பின்னால! வேற வழி? எப்பவும் வீட்டுல செய்யிற மாதிரியே பெட்டரிப் பெட்டியில ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். பின்னால யாரோ "அம்மே"ன்னு கத்தினாங்க.

பல்ப் எல்லாம் எரிஞ்சிச்சு. செவப்பு, பச்ச, மஞ்ச. பொண்ணும் மாப்பிள்ளையும் கைய கோத்துக்கிட்டு மெல்லமாச் சுத்த ஆரம்பிச்சாங்க. ஒரு சுத்து. ரெண்டாவது சுத்துல மாப்பிள்ளை மட்டும் கழண்டு தார் ரோட்டுல விழுந்தாரு.

மொதல்ல சிரிச்சது பஸ் கண்டக்டர். அப்புறம் பஸ் முழுக்க. கடைசியா ஆபீசரும் மண் மூட்டைக்குப் பின்னாலருந்து எழும்பிச் சிரிச்சாரு. மாப்பிள்ளையப் பொறுக்கி என் கையில குடுத்ததும் அவருதான்.

நான் கேக்கச் சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. தூண் நேரா நிக்குது. போன உசிரு திரும்பி வந்த சந்தோசத்துல, யாரு கேட்டாங்களோ தெரியல, ஜீப் பாஸாயிடுச்சு, நான் வாங்கப் போறேன்னு ஆபீசர்கிட்டயே சொன்னேன்.

ஆனா சோதனைய ஆரம்பிச்சா முடிக்கணும்ல? நாங்க கேக்கோட நின்ன நேரத்துல மத்தவங்க ஜீப்பப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. சீட்டெல்லாம் ரோட்டோரம். கால்மிதிய எடுத்தா, கீழ துருப் புடிச்சு ஒரு ஓட்டை. அது வழியா ரோடு தெரிஞ்சிச்சு. கதவுக்குள்ளருந்து காஞ்ச வெங்காயச் சருகு ஒரு கூடை வந்திச்சு. நீட்டுக் கம்பியில கட்டின கண்ணாடிய அடியில விட்டுப் பாத்துக்கிட்டிருந்த சிப்பாய், தலைய சொறிஞ்சுக்கிட்டே என்கிட்ட வந்தாரு.

"அக்கா, இது மலை ஏறவா வாங்குறீங்க?"

ஆமான்னேன்.

"முன் ஷாஃப்டே இல்லையே அக்கா."

முன் சக்கரத்துக்கு எஞ்சின் பலத்தக் கொண்டு போற உருளை அது. அது இல்லாட்டி ஃபோர் வீல் இல்ல. நாலுன்னு எழுதின கம்பி மட்டும்தான் இருக்கு. நானும் குனிஞ்சு கண்ணாடியில பாத்தேன். ஷாஃப்ட் இருக்க வேண்டிய எடத்துல காத்துதான் இருந்திச்சு. என்னைக்கோ உடைஞ்சிருக்கும், அந்த மாடலுக்குச் சாமான் கெடைக்காம எவனோ கழட்டிட்டு விட்டிருப்பான்னு சிப்பாய் சொன்னாரு. அருள் டயர ஒரு எத்து எத்தினாரு. பேசாமலே இனிச் சாமான் வராதுன்னு மறுபடி சொன்னாரு.

அந்த நேரம் பாத்து த்ரீவீல்ல வந்து எறங்கினாரு நிசாம் நானா. வீட்டுல எங்களக் காணோம்னு தேடி வந்திருக்காரு. தலையில தொப்பி அப்படியே இருக்கு. சீட்டுகளப் பாத்தாரு. கதவப் பாத்தாரு. அடியில கண்ணாடி வச்சிருந்த சிப்பாயப் பாத்தாரு.

"அல்லாவே! ஓட்டிப் பாக்கத்தானே தங்கச்சி சொன்னேன்? பிரிச்சே பாத்துட்டீங்களா?"

ஷாஃப்ட் எங்கன்னு ஆபீசர் கேட்டாரு. நானா சத்தியமா முழிச்சாரு. அவரு அந்தக் கம்பியத் தொட்டதே இல்லையாம். கலேவெலயில எல்லாம் சமதரை, வயலும் ரோடும் ஒரே மட்டம், அங்க எதுக்கு ஃபோர் வீல்ங்கிறாரு. வாங்கின நாள்லருந்தே இல்லாம இருந்திருக்கு, மனுசனுக்கே தெரியல. பாவம், எங்களவிட அவருதான் கூட நொந்து போனாரு. சீட்டுப் பூட்ட அருளும் கை குடுத்தாரு. ஜீப் வேணாம்னு நாங்க சொல்லவே இல்ல. அவரும் கேக்கல.

ஞாயித்துக்கெழம பழைய வேன்லயே போனோம். மேடு தொடங்குற எடத்துல வேன நிப்பாட்டிட்டு, புஷ்பத்தோட மாமன்மாரு நாலு பேரு பலகையில கேக்க வச்சு, சாமி தூக்குற மாதிரி தோள்ல தூக்கிக்கிட்டு ஏறினாங்க. ஒரு நூல் சாயல. மாப்பிள்ளை பொம்மைக்கு ஐசிங்க அள்ளிப் பூசி முழங்கால் வரைக்கும் பொதைச்சிருந்தேன். லயமே கூடி நின்னு அது சுத்துறதப் பாத்திச்சு. புஷ்பம் என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னா. எனக்குத்தான் கண்ணு கலங்கிடுச்சு.

அதுக்கு அடுத்த கெழம ஒரு சாயந்தரம் எங்க வாசல்ல ஆமி ஜீப் வந்து நின்னுச்சு. தெருவே கதவச் சாத்திச்சு. அருள் எதுக்கும் இருக்கட்டும்னு சட்டையப் போட்டுக்கிட்டாரு. எறங்கி வந்தது அந்த ஆபீசர். தங்கச்சிக்குக் கல்யாணமாம். அதே மாதிரி மூணு தட்டு, லைட்டோட, சுத்துற பொம்மையோட வேணுமாம்.

எனக்கு வந்த சந்தோசத்துல, எங்க கொண்டு வந்து குடுக்கணும்னு கேட்டேன்.

அவரு அவசரமாக் கைய ஆட்டினாரு.

"ஐயோ வேணாம் அக்கா. நாங்களே வந்து எடுத்துக்கிறோம். நீங்க மட்டும் அதத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்துடாதீங்க."