ராயபுரத்துப் பரம்பரை பீட்சா

நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை சின்னவை, கைக்கு அடக்கமானவை. 'பஸ் லேட்', 'போன்ல சார்ஜ் இல்ல', 'உங்க சாம்பார் பிரமாதம்' வகையறா. ஒரே ஒரு பொய் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, அடிப்பக்கம் கருகி வெளியே வந்தது. எங்கள் ராயபுரத்தில் பரம்பரை பீட்சா கடை ஒன்று இருப்பதாக ஓர் இத்தாலியரிடம் சொன்னேன். அதுவும் நேப்பிள்ஸ்காரரிடம். (திருநெல்வேலிக்காரரிடம் போய் எண்ணூர் அல்வாவைப் புகழ்வதற்குச் சமம்.)

அப்போது நான் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாம் மாதம் வேலையை நிரந்தரமாக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்று தெரியாது. ரிப்பேருக்காகத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்த சரக்குக் கப்பலின் தலைமை இன்ஜினியர் சால்வத்தோரே, உதிரிபாகம் வந்ததா என்று கேட்கத் தினமும் வருவார். உதிரிபாகம் வந்திருக்காது. ஆகவே என் மேஜை முன்னால் உட்கார்ந்து பீட்சா பற்றிப் பேசுவார்.

அவர் ஊரில் தாத்தாவுக்கும் தாத்தா காலத்துக் கடைகள் உண்டாம். சிலவற்றில் இரண்டே வகைதானாம். ஒன்றில் தக்காளி, சீஸ், துளசி மாதிரி ஓர் இலை. இன்னொன்றில் சீஸே கிடையாது, தக்காளியும் பூண்டும்தான். அதற்குப் பெயரே மாலுமி பீட்சா. விறகு அடுப்பில் ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடுமாம். அதை நாலாக மடித்துத் தெருவில் நின்றபடியே சாப்பிடுவார்களாம்.

"உங்கள் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?" என்று ஒரு நாள் பாவமாகக் கேட்டார்.

பர்மா நூடுல்ஸ் அத்தோ இருக்கிறது, சுறா புட்டு இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவர் அத்தனை நாள் பீற்றிக்கொண்டதில் எனக்குள் ரோஷம் ஏறியிருந்தது. "எங்கள் ஏரியாவிலும் உண்டு சார். விறகு அடுப்பு. மூன்று தலைமுறை" என்றேன்.

பின்னாலேயே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். "வெரி குட் ஜெசிந்தா. சனிக்கிழமை சாரை அங்க கூட்டிட்டுப் போ. நம்ம ஆபீஸைப் பத்தி கப்பல் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதப்போறது இவர்தான். உன் கன்ஃபர்மேஷனும் அதைப் பார்த்துதான்."

விறகு அடுப்பும் மூன்று தலைமுறையும் உண்மை. என் தாய்மாமா ஆரோக்கியத்தின் பேக்கரி அது. பன், பொறை, உப்பு பிஸ்கட். பீட்சா மட்டும்தான் இல்லை.

"இன்னாமே, பீட்சாவா?" என்று மாமா சிரித்தார். "சப்பையா ஒரு பன்னு. மேல தக்காளி. அவ்ளோதானே? நீ இட்டாந்து குந்த வை, மீதிய நான் பாத்துக்கறேன்."

படகுகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டரைப் பிடித்துக் கடைக்குப் போர்டு எழுதச் சொன்னேன். சனிக்கிழமை காலையில்தான் வந்தார். 'பரம்பரை பீட்சா நிலையம்' என்று எழுதியவர், கை பழக்கத்தில் இரண்டு ஓரத்திலும் மீன் வரைந்து, கீழே 'மாதா துணை' என்றும் போட்டுவிட்டார்.

மூன்று மணிக்கு சால்வத்தோரே வெள்ளைச் சட்டையில் வந்தார். போர்டைப் பார்த்து நெகிழ்ந்தார். அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கச் சொன்னார். நெகிழ்ச்சி அதிகமாகி அதன் மேல் சாய்ந்தார். படகுப் பெயின்ட் அவ்வளவு சீக்கிரம் காயாது.

உள்ளே மாமா பூரிக்கட்டையால் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் சால்வத்தோரே அதிர்ந்துபோய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். (மாவைக் கையால்தான் தட்ட வேண்டுமாம், கட்டை படுவது பாவமாம்.) மாமாவோ சாப்பாட்டுக்கு முன் ஜெபம் என்று நினைத்து, கட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் பக்தியோடு சிலுவை போட்டார்.

பீட்சா வந்தது. பன் மாவு அல்லவா, தன் குணத்தைக் காட்டித் தலையணையாக உப்பியிருந்தது. சர்க்கரையை மாமா வழக்கம்போலக் கொட்டியிருந்தார். கடையில் வாங்கிய சீஸ் உருகாமல் துண்டு துண்டாகக் கருகியிருந்தது. சால்வத்தோரே ஒரு வாய் கடித்தார். கண்கள் கலங்கின.

"பாத்தியா? அவுரு அம்மா நெனப்பு வந்துட்ச்சி" என்றார் மாமா.

அம்மா நினைப்பு இல்லை, பச்சை மிளகாய்.

அந்த நேரம் பார்த்துப் பிலோமினா அக்கா வந்தார். கோயில் பெண்கள் குழுத் தலைவி. அன்று மாலை நவநாள் ஜெபம் முடிந்ததும் கொடுப்பதற்கு முந்நூறு பன் சொல்லியிருந்தார்.

"இன்னா ஆரோக்கியம், புச்சா போர்டு மாட்டிக்கீற? காத்தால கூட இல்லியே?"

"என்ன சொல்கிறார்?" என்றார் சால்வத்தோரே.

"போர்டு எவ்வளவு பழசு என்று வியக்கிறார் சார்."

அவர் பணிவாகத் தலையசைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். முதுகு முழுக்க 'பரம்பரை' திருப்பிப் போட்ட எழுத்தில், பக்கத்தில் ஒரு மீனோடு.

"யய்யே, சட்டை!" என்று பிலோமினா அக்கா கத்தியது அவருக்குப் புரியவில்லை. அவர் அடுப்புக்குள் கையை நீட்டிச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். "அருமையான அடுப்பு. ஆனால் தூங்குகிறது" என்றபடி சவுக்குக் கட்டைகளை அள்ளித் திணித்தார். விருந்தாளியைத் தடுக்க மாமாவுக்கு மனசு வரவில்லை. நானோ அவர் முதுகை யார் கண்ணிலும் படாமல் மறைப்பதில் மும்முரமாக இருந்தேன். மாமா வழக்கம்போல முந்நூறு பன்னையும் தட்டுத் தட்டாக உள்ளே தள்ளிவிட்டு, வழக்கம்போல டீ குடிக்கப் போனார்.

அடுப்பு அன்று வழக்கம்போல இல்லை. ஐந்தே நிமிடத்தில் மாமா திரும்பி வந்தபோது கடையிலிருந்து கப்பல் புகைபோக்கி அளவுக்குப் புகை. உள்ளே முந்நூறு கரிக்கட்டை.

"ஆறு மணிக்கு ஜெபம் முடிஞ்சி ஜனம் வந்துடும்! கோயிலுக்கு வந்தவங்களுக்கு இன்னாத்த குடுப்பேன்? இத்த வச்சி விபூதி புதன்தான் கொண்டாடலாம்!" என்று பிலோமினா அக்கா அழவே ஆரம்பித்துவிட்டார். மாமா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் என் ரோஷமெல்லாம் வடிந்தது.

புகையைப் பார்த்துக் கோயிலிலிருந்து ஃபாதர் ஓடி வந்தார், பின்னாலேயே பாதித் தெருவும். "என்னம்மா ஆச்சு?" என்றார் ஃபாதர்.

ஒரு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம். எனக்கு அணை உடைந்தது. பரம்பரை கிடையாது, பீட்சா கிடையாது, போர்டு காலையில் எழுதியது, வேலைக்காகப் பொய் சொன்னேன் என்று அத்தனை பேர் நடுவில் தேம்பித் தேம்பிக் கொட்டினேன். தமிழில் ஒரு முறை, சால்வத்தோரேவுக்காக ஆங்கிலத்தில் ஒரு முறை. வந்த வேகத்தில், மேனேஜரின் மீசையை நான் கிண்டல் செய்ததையும், பிலோமினா அக்கா பாடும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அதையெல்லாம் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

சால்வத்தோரே சட்டையைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பனியனோடு மாவு மேஜைக்குப் போனார். "மாவு இருக்கிறதா? சர்க்கரை போடாதது? தக்காளி, பூண்டு?"

உப்பு பிஸ்கட்டுக்குப் பிசைந்த மாவு இருந்தது. எண்ணெய் இருந்தது. தெருவிலிருந்து தக்காளியும் பூண்டும் வந்தன. அவர் கையால் தட்டினார், மாமா துடுப்பு போன்ற பலகையில் உள்ளே தள்ளினார், நான் பூண்டு உரித்தேன். அழுதுகொண்டேதான். சூடேறிக் கிடந்த அடுப்பு இரண்டு நிமிடத்துக்கு ஒரு வரிசையாக வெளியே தள்ளியது. மாலுமி பீட்சா, ஆளுக்குப் பாதி, மடித்துக் காகிதத்தில் சுற்றி, ஆறேகாலுக்குக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

"ரொட்டி மேல தக்காளி தொக்கா? நல்லாத்தான் கீது" என்றார் ஒரு மீன்கார அம்மா. ஃபாதர் இரண்டு வாங்கிக்கொண்டார். பிலோமினா அக்கா சாப்பிட்டார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. (பஞ்சு விஷயம்.)

திங்கட்கிழமை மேனேஜர் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். "பீட்சா மிக மோசம். பெண் உண்மையைச் சொல்லக்கூடியவள், சற்றுத் தாமதமாக." வேலை நிரந்தரமானது. மீசை விஷயம் அவர் காதுக்கு இன்றுவரை போகவில்லை என்று நம்புகிறேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது. இப்போதும் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் வரிசையில் போய் நின்றால், பின்னால் வருகிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் என் கணவரே பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவ முடிக்க நேரமாவும் அண்ணே. நீங்க வூட்டுக்குப் போய் சாப்ட்டு வந்துடுங்க."