ஜன்னலுக்குத் தனிக் குடக்கூலி

சேசு மரி சூசை துணை

ராயபுரம்,
1927 ஜூலை 2

பழவேற்காட்டில் இருக்கும் மகா கனம் பொருந்திய மாமா அவர்களுக்கு, மருமகன் இக்னேஷியஸ் அநேக தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம். இவ்விடம் தங்களுக்கு உறவென்று இருப்பது நான் ஒருவன்தான், எனக்கு க்ஷேமமில்லை.

தனிக் கதவுள்ள வீடு பிடித்த பிறகுதான் மகளையும் பேரனையும் படகேற்றுவேன் என்று தாங்கள் எழுதியது நியாயமே. துறைமுகத்துக் குமாஸ்தாக்கள் ஐந்து பேர் முறை வைத்துக் கால் நீட்டும் இந்த அறைக்கு அடைக்கலமேரியை எப்படி அழைப்பது? ஆனால் தாங்கள் ஒரே ஒரு நாள் வந்து குடக்கூலி விசாரித்துப் பார்க்க வேண்டும். மூலக்கொத்தளத்தில் இடுகாட்டுச் சுவரை ஒட்டி ஒரு வீடு. இதற்கு என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறார்கள் என்று தைரியமாகப் போனேன். வீட்டுக்காரன் பரசுராமன், "தெனம் சாவு பேண்டு வாத்தியம் காசில்லாம கேக்கலாம் சார், அத்தயும் பாக்கணுமில்ல?" என்கிறான். காத்திவாக்கத்தில் மலிவு என்றார்கள். மலிவுதான். ஊரார் வலையெல்லாம் நம் கூரை மேல் காயும், எடுக்கச் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. அங்கிருந்து நடந்து நான் வேலைக்கு வந்து சேருவதற்குள் கப்பல் சிங்கப்பூர் போய்விடும்.

கடைசியில் எங்கள் கோயில் தெருவிலேயே சிலுவையம்மாள் வீடு. தனிக் கதவு, தனி அடுப்படி, தெருப்பக்கம் ஒரு ஜன்னல். ஆறு ரூபாய் என்றார். என் சம்பளத்துக்கு அதுவே உச்சம், ஆனாலும் சரி என்றேன். உடனே, "அது வூட்டுக்கு. ஜன்னலுக்குத் தனியா ரெண்டு ரூபா" என்றார். ஜன்னலுக்கா என்று வாயைப் பிளந்தேன். "இன்னா நைனா, தெரியாத மாதிரி கேக்குற? திருநாளுக்கு இராயப்பர் சப்பரம் தோள் மாத்த எங்க நிக்குது? இந்த ஜன்னலாண்டதானே? சாமி வூட்டுக்குள்ளாற பாக்குறாரு, சும்மாவா?" வருஷத்துக்கு ஒரு தரம் பார்ப்பதற்கு மாதாமாதம் இரண்டு ரூபாய், மாமா!

அந்தச் சப்பரத்தின் முன்தண்டு என் தோளில்தான். "மாத்து" என்று குரல் கொடுத்து நிறுத்துகிறவனும் நானே. வாயை மூடிக்கொண்டால் குடக்கூலி இறங்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. புதன்கிழமைத் திருநாளன்று ஜன்னலைத் தாண்டியும் நான் வாய் திறக்கவில்லை. பின்னால் தூக்கி வந்த ஜேக்கப், "டேய், தோள் பூட்ச்சுடா, மாத்துடா!" என்று அலறினான். நான் ஜெபத்தில் ஆழ்ந்தவன்போல் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, தெருமுனையில் பக்ருதீன் பாய் சோடாக் கடை வாசலில்தான் நிறுத்தினேன். மறுநாள் சிலுவையம்மாள் அழுதுகொண்டே வந்து, "சாமியே வாணான்னு பூட்டாரு, ஆறே குடு நைனா" என்றார். எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஞானஸ்நானத்தன்று பார்த்த என் பிள்ளையின் முகம் மறந்துகொண்டே வருகிறது; ஆகையால் உறுத்தலைப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்திவைத்தேன்.

வீடு அமைந்துவிட்டது. மெட்ராஸில் குடக்கூலியைக் குறைத்த ஒரே மனிதன் தங்கள் மருமகன் என்று தாராளமாக ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். வியாழக்கிழமைப் படகில் இருவரையும் அனுப்பிவைக்கவும். அத்தைக்கு என் தோத்திரம், பிள்ளைக்கு முத்தம். சர்வேசுரன் நம் எல்லாருக்கும் தலைமேல் ஒரு கூரை தந்து காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
இக்னேஷியஸ்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் சிலுவையம்மாள் சாவியோடு வந்தார். நான் வீங்கின தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தோளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஓகோ, நிறுத்தறது நீதானா? அப்போ நீயே இங்க குடியிருக்கச்சொல்ல சப்பரம் வேற எங்க நிக்கும்? எட்டுகூட இல்ல, ஒம்பது ரூபா" என்றார். ஒரு வேளைச் சோற்றைக் குறைத்தாவது கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதிய பெருமையை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமைப் படகை மட்டும் தவறவிட வேண்டாம். அடுத்த திருநாளுக்கு அடைக்கலமேரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலில் நிற்பாள். நான் எப்படி நிறுத்தாமல் போவேன்? அந்த அம்மாள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.