ஓலின் அண்ணை ரகசியம் காத்த அரை மணி நேரம்

ரகசியம் காக்கத் தெரியாதவர்களுக்கு லண்டனில் ஒரு சங்கம் ஆரம்பித்தால், ஓலின் அண்ணையை அதற்குத் தலைவராக்க முடியாது. வாக்கு எண்ணி முடிப்பதற்குள் முடிவை வெளியே சொல்லிவிடுவார்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். ஆனால் தென் லண்டனில் அவர் வசிக்கும் தோர்ண்டன் ஹீத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்காரருக்கே யாரென்று தெரியாது. போக்கர் ஆட்டத்தில் பணத்துக்குப் பதிலாகத் தன்னிடம் இருக்கும் சிப்ஸ் வில்லைகள் மொத்தத்தையும் மேசை நடுவில் தள்ளுவதற்கு 'ஆல் இன்' என்று பெயர். அதை நம்மவர் யாழ்ப்பாணத்து வாயால் "ஓல்ல்ல் இன்ன்ன்!" என்று முழங்கினால் பக்கத்து அறையில் தேநீர் தளும்பும். அப்படி வந்த பெயர்தான் ஓலின் அண்ணை.

பெரிய போக்கர் போட்டிகளை இணையத்தில் பல மொழிகளில் காட்டுகிற ஒரு நிறுவனத்தில் நான் வேலை பார்த்தேன். யாருக்கு என்ன தோன்றியதோ, தமிழிலும் ஒரு சேனல் வைத்திருந்தார்கள். படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மதுரைக்காரி நான். ஒலி, திரையில் வரும் எழுத்து, நேயர்கள் கருத்துப் போடும் பெட்டி எல்லாம் என் பொறுப்பு. வாய் மட்டும் அண்ணை பொறுப்பு. தமிழ்ச் சேனல் என்றால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு இஞ்சி பிஸ்கட் டப்பாவும்தான்.

இதற்கு முன் அண்ணை ஒரு கவுன்சிலில் பார்க்கிங் டிக்கெட் எழுதும் வேலையில் இருந்தார். தெருமுனையில் நுழையும்போதே, "வாறன்! மஞ்சள் கோட்டிலை நிக்கிற கார்க்காரர் கெதியா எடுங்கோ!" என்று கத்திக்கொண்டு போவாராம். அந்தத் தெருக்களில் அவர் காலத்தில் ஒருவருக்கும் அபராதம் விழவில்லை. கவுன்சில் அவருக்குப் பூங்கொத்து கொடுத்து வழியனுப்பி வைத்தது.

சூதாட்டம் அவருக்கு ஆகவே ஆகாது. கோயில் திருவிழாவில் நிதிக்காக விற்கும் குலுக்கல் சீட்டைக் கூட வாங்க மாட்டார். "அதிர்ஷ்டத்தை நம்பிறவன் ஆம்பிளையோ, தங்கச்சி?" என்பார். பிறகு போக்கரை எப்படி வர்ணித்தார் என்று கேட்கிறீர்களா? எல்லாம் முன்னூற்று நாலு கொடுத்த தைரியம்.

முன்னூற்று நாலு என்பது யாழ்ப்பாணத்தாரின் சீட்டாட்டம். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்ந்து ஆடுவார்கள். ஒவ்வொரு கை முடிந்ததும் தோற்ற சோடிக்குள் ஒரு பிரேதப் பரிசோதனை நடக்கும். எவன் எந்தச் சீட்டை ஏன் இறக்கினான், அவனைப் பெற்றபோது ஆஸ்பத்திரியில் மாற்றி எடுத்து வந்தார்களா என்பது வரை அலசிவிட்டுத்தான் அடுத்த சீட்டைப் போடுவார்கள். அந்தப் பேச்சுக்கு ஆயுசும் கெட்டி. விம்பிள்டனில் ஒரு பெரிய கணக்காளர் இருக்கிறார். வாலிப வயதில் ஒரே ஒருநாள் எது துரும்பு, அதாவது துருப்புச் சீட்டு, என்பதை மறந்துவிட்டார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் 'துரும்பை மறந்த துரை'தான்.

அண்ணை இந்த வழக்கத்தை அப்படியே போக்கருக்குக் கொண்டுவந்துவிட்டார். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்களை எல்லாம் தன் சொந்தச் சோடியாக நினைத்து ஏசினார். பிரேசில்காரர் ஒருவர் சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு துணிந்து இறங்கினால், "எடேய் விசரா, உந்தக் கையோடை ஏனடா உள்ளுக்கு வந்தனி? கொப்பர் இதுக்கோ உன்னைப் பள்ளிக்கூடம் விட்டவர்?" என்று பொரிந்து தள்ளுவார். கறுப்புக் கண்ணாடி போட்ட அமெரிக்கரைப் பார்த்தால், "வீட்டுக்குள்ளை என்னடா வெயில்? கண் வருத்தமெண்டால் டொக்டரிட்டைப் போ" என்பார். ஜனங்கள் சொக்கிப்போனார்கள். போக்கர் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள் எல்லாம் சமைக்கும்போது அண்ணையைப் போட்டுவிட்டுக் கேட்டார்கள். பக்கத்து அறையில் போர்த்துக்கீசிய வர்ணனை செய்தவர் எங்கள் சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் தன் நேயர்களிடமே "ஐயோ சிவனே!" என்று கத்திவிட்டார்.

இனி ரகசியத்துக்கு வருகிறேன். போக்கர் நேரலை, பெயரில்தான் நேரலை. மேசையில் ஒவ்வொருவர் கையிலும் என்ன சீட்டு என்பதைக் குட்டிக் கேமரா காட்டிவிடும். அதை உடனுக்குடன் ஒளிபரப்பினால் ஆடுகிறவனுக்கு யாராவது சேதி சொல்லிவிடலாம். அதனால் எல்லாவற்றையும் அரை மணி நேரம் தாமதித்துத்தான் காட்டுவார்கள். வர்ணிக்கிற எங்களுக்கும் அதே தாமதப் படம்தான். போனைப் பிடுங்கிக்கொண்டு எங்களை அடித்தளத்து அறையில் அடைத்து வைப்பார்கள். மேலே என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தாலும் திரையில் வருவதற்கு முன் மூச்சு விடக்கூடாது.

முந்தைய போட்டியிலேயே அண்ணை அதை மீறியிருந்தார். லிப்டில் ஓர் ஆட்டக்காரர் அழுதுகொண்டு போனதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொடியன் இன்னும் கொஞ்ச நேரத்திலை அழப்போறான் பாருங்கோ" என்று மைக்கில் சொல்லிவிட்டார். பொடியனும் திரையில் சொன்னபடி அழுதான். எங்கள் மேலதிகாரி ஒரு வெல்ஷ்காரப் பெண்மணி. இன்னொரு தடவை நடந்தால் தமிழ்ச் சேனலை மூடிவிடுவேன் என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

அடுத்து வந்தது லண்டன் போட்டி. அதில் இறுதி மேசை வரைக்கும் ஒரு தமிழர் வந்துவிட்டார்! பாரிஸில் இருந்துவிட்டுத் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்த குழாய் வேலைக்காரர் குகன். நல்ல சீட்டு வந்தாலும் கெட்ட சீட்டு வந்தாலும் ஒரே மாதிரிச் சிரிப்பார் என்பதால் எதிரிகளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. தென் லண்டனே எங்கள் சேனலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. கடைகளில் கொத்து ரொட்டி அடிக்கிற சத்தத்தைக் கூடக் குறைத்துவிட்டு அண்ணையைக் கேட்டார்களாம். அண்ணையோ, "குகன் தம்பி! எங்கடை பைப் தம்பி!" என்று துள்ளிக்கொண்டிருந்தார்.

மாலை இடைவேளையில் அண்ணை கழிவறைக்குப் போனார். அங்கே கை கழுவும் தொட்டிக்கடியில் ஒருவர் கோட்டைக் கழற்றிவிட்டு மல்லாந்து கிடந்து குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். குகன். மனம் குழம்பினால் ஒழுகுகிற குழாயைத் தேடிப் போய்த் திருத்துவது அவர் பழக்கமாம். அங்கே நடந்த பேச்சை அண்ணை பிறகு எனக்கு நடித்தே காட்டினார்.

"எடேய், நீ இஞ்சை என்ன செய்யிறாய்? இப்பதான் ஸ்கிரீனிலை பாத்திட்டு வாறன், உனக்கு முன்னாலை சிப்ஸ் மலை மாதிரிக் கிடக்கு!"

"அது அரை மணித்தியாலத்துக்கு முந்தின குகன், அண்ணை. இப்பத்தைய குகன் வெளியிலை வந்திட்டான்."

"எப்பிடியடா?"

"ஜாக்கும் ஒன்பதும் வந்தது. ரெண்டும் இஸ்பேட். கை தன்ரை பாட்டிலை எல்லாத்தையும் தள்ளிட்டுது."

"மற்றவன்ரை கையிலை?"

"ரெண்டு ஆஸ்."

போக்கரில் ஆஸ் என்கிற ஏஸ்தான் ராஜாவுக்கும் ராஜா. ஜாக்கும் ஒன்பதும் அதற்கு முன்னால் வெறும் ஊறுகாய். ஆனால் முன்னூற்று நாலில் கதையே வேறு. அங்கே ஜாக்தான் தலை, அடுத்தது ஒன்பது, ஆஸ் அதற்கும் கீழே மூன்றாம் இடம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஆட்டத்தில் ஊறிய மனிதர் குகன். நாள் முழுக்க ஆடிக் களைத்திருந்த நேரத்தில் ஒரே ஜாதியில் ஜாக்கும் ஒன்பதும் கையில் வந்து சிரித்ததும், லண்டனும் போக்கரும் மறந்துபோய்விட்டன.

குகன் அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ரை மனிசி சுகந்தி பெரிய ரீவியிலை போட்டு வைச்சிருக்கிறா அண்ணை. அவவின்ரை அண்ணன்மார் லூயிஷாமிலையிருந்து வந்து நிக்கினம். மாமா மாமியும் இருக்கினம். உங்கடை வாயாலை ஏச்சு வாங்கினனெண்டால் சாகுமட்டும் எனக்கு அதுதான் பேர். ஏசாதேங்கோ அண்ணை. காலிலை விழுறன்."

ஏற்கெனவே தரையில்தான் கிடந்தார் என்பதால் அது சுலபமாகவும் இருந்தது.

முகம் வெளிறித் திரும்பி வந்தார் அண்ணை. முடிவைச் சொன்னால் சேனல் போச்சு. கையை ஏசினால் குகன் மானம் போச்சு. சொல்வதும் ஏசுவதும் தவிர வேறு ஒன்றும் செய்து பழகாத வாயை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அரை மணி நேரம் பேசியாக வேண்டும். எனக்கோ அப்போது ஒன்றுமே தெரியாது.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"ஓம்... இல்லை... மைக்கைப் போடு, தங்கச்சி."

திரையில் குகன் கொழுத்த சிப்ஸ் கோபுரத்துக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக இந்த இடத்தில் அண்ணை கூரையைப் பிய்ப்பார். அன்றைக்குச் சீட்டுப் போடுகிறவரின் வெஸ்ட்கோட் நல்ல தையல் என்றார். மேசை விரிப்பின் பச்சை நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். குரோய்டனில் டிராம் தாமதமாவதைப் பற்றிக் கவலைப்பட்டார். பிட்டுக்கு மா எந்தப் பதத்தில் குழைக்க வேண்டும் என்று ஆதியோடந்தமாக விளக்கினார். பேச்சு முடைப்படும்போதெல்லாம் ஒரு இஞ்சி பிஸ்கட்டை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டார். 'அண்ணைக்கு என்ன நடந்தது?', 'பிட்டு நல்லாயிருக்கு, குகன் எப்படி?' என்று கருத்துப் பெட்டி கொதித்தது. நான் பயந்துபோய் ஒரு தாளில் 'டாக்டரைக் கூப்பிடவா?' என்று எழுதிக் காட்டினேன். வாயில் பிஸ்கட்டோடு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணில் நீர் தளும்பி நின்றது.

டப்பா காலியானபோது அந்தக் கை வந்தது.

எதிரில் இருந்த நோர்வேக்காரர் சிப்ஸை அள்ளி முன்னால் வைத்தார். திரையில் அவருடைய இரண்டு ஆஸ். குகன் தன் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். ஜாக், ஒன்பது. அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு புதுச் சிரிப்பு மலர்ந்தது. மறுகணம் மலையையே நடுவில் தள்ளிவிட்டார். ஆங்கில அறையிலிருந்து "ஏன்? ஏன்?" என்ற அலறல் சுவரைத் தாண்டி வந்தது.

"ஓல் இன்" என்றார் அண்ணை. அவ்வளவு மெதுவாக அந்தச் சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரித்த சீட்டில் முதலில் ஒரு ஜாக் விழுந்தது. கருத்துப் பெட்டியில் பட்டாசு வெடித்தது. இன்னொரு ஜாக்கோ ஒன்பதோ விழுந்தால் குகன் வென்றுவிடுவார் என்று நானும் நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன். அண்ணை மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். இனி வரப்போவது உதவாது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அடுத்ததும் உதவவில்லை, கடைசியும் உதவவில்லை. குகன் எழுந்து நோர்வேக்காரருக்குக் கை கொடுத்தார்.

அண்ணையிடமிருந்து சத்தமே வரவில்லை. மைக் செத்துவிட்டது என்று நினைத்து நான் வயரை ஆட்டிப் பார்த்தேன். வயர் நன்றாகத்தான் இருந்தது. போர்த்துக்கீசியக்காரர் கூட என்ன ஆயிற்றோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு அண்ணை தொண்டையைச் செருமினார்.

"பாத்துக்கொண்டிருக்கிற சனங்களே, ஒண்டு சொல்லுறன். ஒரே ஜாதியிலை ஜாக்கும் ஒன்பதும் கைக்கு வந்தால் எங்கடை ஆக்களிலை எவன் சும்மா இருப்பான்? நான் இருப்பனோ? லூயிஷாமிலையிருந்து வந்து நிக்கிற மச்சான்மார் இருப்பியளோ? நெஞ்சிலை கை வைச்சுச் சொல்லுங்கோ. தம்பி சரியாத்தான் இறக்கினவன். அவங்கள்தான் வேறை விளையாட்டு விளையாடினவங்கள்."

 கருத்துப் பெட்டியில் பதில்கள் பொலபொலவென்று கொட்டின. பாரிஸிலிருந்து ஒருவர், 'நானும் தள்ளியிருப்பன்.' டொரொண்டோவிலிருந்து ஒருவர், 'அப்பா கதிரையை விட்டு எழும்பிட்டார், அவரும் தள்ளியிருப்பாராம்.' விம்பிள்டனிலிருந்து துரும்பை மறந்த துரை, 'சபாஷ் தம்பி' என்று போட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் கடைசியில் சுகந்தியின் வரி வந்தது. 'அவரை வீட்டை வரச் சொல்லுங்கோ அண்ணை. அண்ணன்மார் தாங்களும் தள்ளியிருப்பினமாம். இடியப்பம் ஆறுது.'

நான் விக்கி விக்கி அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். சேனல் பிழைத்தது, குகனும் பிழைத்தார்.

மைக்கை அணைத்த மறுநொடி அண்ணை அறையில் இல்லை. கழிவறைப் பக்கமிருந்து கட்டடமே கிடுகிடுக்க ஒரு குரல் வந்தது: "எடேய் மொக்கா! ஆஸ் பெரிசடா! போக்கரிலை ஆஸ்தானேயடா பெரிசு! ரெண்டு ஆஸுக்கு முன்னாலை ஒன்பதைக் கொண்டுபோய் வைக்கிறவன் மனிசனோடா!" அரை மணி நேரம் அடக்கியதற்கு வட்டியும் முதலுமாக வெளுத்து வாங்கினார். இடையிடையே, "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று குகனின் சிரிப்பும் கேட்டது.

நான் இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டேன். அங்கே எல்லோரும் அளந்து பேசுகிறார்கள், ஒருவரும் சுவர் அதிரக் கத்துவதில்லை. ஆனால் என்றைக்காவது நானும் ஊரே பார்க்க ஒரு பெரிய முட்டாள்தனம் செய்யத்தான் போகிறேன். அன்றைக்கு மைக் ஓலின் அண்ணை கையில் இருந்தால் போதும்.