தேர்வு நாளில் இரண்டு வண்டிகள்

அன்பு மிகுந்த அக்கா மார்செல்லாவுக்கு, தம்பி டுவெய்ன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் நலமறிய ஆவல். பதறாதே, உதவி எதுவும் கேட்டு எழுதவில்லை. நிம்மதி தாங்காமல் எழுதுகிறேன்.

என் மகள் பிரிஜட் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு முறை கவிழ்ந்தது உனக்குத் தெரியும். எல்லாம் அந்தப் புதிர்க் கேள்விகளால்தான். ஏழு பேர், ஏழு நாற்காலி. ஜி பக்கத்தில் எச் உட்காரமாட்டார், கே வந்தால் எம் எழுந்துவிடுவார், நடு நாற்காலியில் யார்? உதவலாமே என்று, "ஏம்மா, ஜிக்கும் எச்சுக்கும் என்ன சண்டை?" என்று கேட்டேன். "சண்டையெல்லாம் இல்லப்பா, அது விதி." "காரணமில்லாம யாராவது மூஞ்சிய திருப்புவாங்களா?" கதவைச் சாத்திவிட்டாள். இந்த முறையும் போனால் பல் டாக்டரின் வரவேற்பு மேசையே கதி என்று முடிவு செய்திருந்தாள்.

தேர்வு வீட்டிலேயே, கணினியில். கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்; வேறு குரல் கேட்டால் தேர்வு ரத்து. ஆகவே சனிக்கிழமை காலையில் வீட்டையே காலி செய்தோம். விவாகரத்துக்குப் பிறகு எங்கள் நிலவறையில் குடியிருக்கும் மச்சினன் வால்டும், துணி துவைக்க வந்த அவனுடைய முன்னாள் மனைவி ஜொலீனும் ஒரே வண்டியில் ஏறமாட்டார்கள். எங்கள் நாய் அருகில் வந்தால் வால்ட் தும்முவான். என் மனைவி நொரீன் ஜொலீனோடு பேசியே பல மாதமாகிறது. இருப்பது நொரீனின் காரும் என் சரக்கு வண்டியும்; என் வண்டியிலோ முன்னால் இரண்டே இருக்கை. ஏற்றினேன், இறக்கினேன், மறுபடி ஏற்றினேன். "நான் பின்னால சாமானோட சாமானா உக்காந்துக்கறேன்" என்றாள் ஜொலீன். "நல்லா குலுங்கட்டும்" என்றான் வால்ட். "தேர்வு ஆரம்பிக்கப் போகுது, எதையாவது பண்ணித் தொலைங்க!" என்று நொரீன் என்மேல் பாய்ந்தாள்.

ஜன்னல் திறந்தது. "அப்பா! நாய் மாமாவோட போக முடியாது, அதனால ஜொலீனோட. ஜொலீன் அம்மாவோட போக முடியாது, அதனால உங்களோட. மாமா அம்மா வண்டியில. கிளம்புங்க!" சொல்லிவிட்டு அவளே திகைத்து நின்றாள். "அட, இவ்வளவுதானா?" எழுத்துகளாக இருந்தவரை பிடிபடாதது, சொந்தக்காரர்களாக வாசலில் நின்றதும் பிடிபட்டுவிட்டது, அக்கா. வால்டின் விவாகரத்தால் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

அந்தத் தேர்வில் தேறிவிட்டாள்; நேற்று சட்டக் கல்லூரியிலிருந்து இடம் கிடைத்த செய்தியும் வந்தது. நொரீன் அழுதாள், நானும் அழுதேன். இனி வீட்டில் புதிர் இல்லை, சத்தமில்லை. உன் முழங்காலும் மனமும் அமைதியாக இருக்க ஆண்டவர் அருள்வாராக.

உன் தம்பி,
டுவெய்ன்

பின்குறிப்பு: இடம் கிடைத்தது உங்கள் ஊர்க் கல்லூரியில். உன் மாடி அறை சும்மாதானே கிடக்கிறது? இந்தக் கடிதம் கைக்கு வரும்போது பிரிஜட் உன் வாசலில் நிற்பாள். அவள் வண்டியில் ஓர் இருக்கை மிச்சமிருந்ததால் வால்டும் ஏறிக்கொண்டான். கவலைப்படாதே, நாயை நாங்களே வைத்துக்கொண்டோம்.