ஆறு பேருக்குப் பன்னிரண்டு டிக்கெட்

அஷ்ரஃபியே, பெய்ரூத்
தவக்காலத்துக்கு முந்திய வெள்ளி, 1971

அன்புள்ள தம்பி நஸீபுக்கு,

அக்கா லோரிஸ் எழுதுகிறேன். என் இடது முழங்காலைத் தவிர இங்கே யாவும் நலம். அபிஜானில் உன் கடையும் உன் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று ஒரு முழுப் பக்கத்துக்கு எழுது. சென்ற முறை வெறும் நாலு வரி எழுதினாய். அதில் ஒன்று வெயிலைப் பற்றியது.

முதலில் ஒரு திருத்தம். நம் சித்தி மகள் மார்செல் உனக்கு எழுதியிருப்பதைப் போல, நான் மாப்பிள்ளை வீட்டாரைப் பனி கொட்டும் மலைப்பாதையில் விட்டுவிட்டு, தலைக்கு நாலு லீரா மிச்சம் பிடிப்பதற்காக வேறு மலைக்குப் போய்விடவில்லை. பனி கொட்டவில்லை, மூடுபனி மட்டுமே இருந்தது. நான் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. வித்தியாசமும் நாலு லீரா அல்ல, மூன்றரை. ஒரே வாக்கியத்தில் மூன்று பிழை விட்டவளை எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரிகள் மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை சுவரைப் பார்த்து நிற்க வைப்பார்கள். மார்செல் அந்தப் பள்ளியில் படித்தவள் அல்ல என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

ஆனால் நீ அவள் பேச்சை நம்பி, "மலைக் கதை தெரியும், சம்மதம் நிறுத்தம், விளக்கம் தேவை" என்று தந்தி அடித்துவிட்டாய். அதைத் தபால்காரர் மாடிப்படியில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினார். முதல் மாடியும் மூன்றாம் மாடியும் கேட்டன. உன் மகள் ஜோஸ்லின் அன்று முழுவதும் அறையை விட்டு வெளியே வரவில்லை. உன் சம்மதம் எழுத்தில் வராமல் ஸஹ்லே ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி பெண் கேட்டு வர முடியாது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

ஃபாரெஸ் ப்ரீதி நல்ல பையன், பொறியாளர், நகம் சுத்தமாக இருக்கிறது. அவன் தந்தை முஸ்யோ ஹலீமும் தாய் வதாதும் இருமுறை எங்களைச் சந்தித்தார்கள். முதல் முறை அவர்கள் வீட்டு விருந்து. இரண்டாம் முறை நான் அவர்களை இனிப்புக் கடைக்கு அழைத்துப் போனேன். நான் பணப்பையைத் திறப்பதற்குள் முஸ்யோ ஹலீம் கல்லாக்காரரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்தம்மாகிட்ட காசு வாங்கினா என் மூஞ்சியில முழிக்காதே" என்று சத்தம் போட்டார். நான் அழைத்த இடத்தில் அவர் கொடுத்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெண்ணின் தகப்பன் ஆப்பிரிக்காவில், பெண் ஒரு விதவை அத்தையின் வீட்டில். இந்தப் பெண்ணுக்குச் செய்ய இங்கே ஆளில்லை என்று அவர்கள் நினைத்துவிட்டால், கல்யாணத்துக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவளை இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள். அதனால் மூன்றாம் சந்திப்பு பனிமலையில் என்று முடிவானபோது, இந்த முறை எல்லாச் செலவும் நம்முடையது என்று நான் தீர்மானித்தேன்.

மலையைத் தேர்ந்தெடுப்பதில் நான் விலையை முதலில் பார்க்கவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, கழிப்பறை எப்படி, கம்பிவடத்தில் மலை உச்சிக்கு ஏற்றும் தொங்கு நாற்காலியில் முன்கம்பி உண்டா என்பதையெல்லாம் பார்த்த பிறகே விலையைப் பார்த்தேன். தொலைபேசியில் விலையை முதலில் கேட்டேன் என்றால், அவர்கள் அதை முதலில் சொன்னார்கள், அவ்வளவுதான். ஐன் பாஸ் மலையில் ஞாயிற்றுக்கிழமை தலைக்குப் பன்னிரண்டு லீரா. பனியில் சறுக்குகிறவனுக்கும் அதே விலை, உட்கார்ந்து மேலே போய் ஊர் பார்த்துவிட்டு உட்கார்ந்தே இறங்கும் எனக்கும் அதே விலை. "ஐயா, நான் உங்கள் பனியைத் தொடக்கூட மாட்டேனே" என்றேன். அந்த ஆள் சொன்னான்: "மதாம், நாற்காலிக்கு அதெல்லாம் தெரியாது. மேல ஒருத்தர் உக்காந்திருக்காருன்னுதான் அதுக்குத் தெரியும்." அல்-ஷீர் மலையில் ஐந்தே லீரா. ஆனால் பாதி மலையில் இறக்கிவிட்டு, மீதிப் பாதிக்கு இன்னொரு டிக்கெட் கேட்கிறார்கள். பாதி வழியில் நிறுத்திப் பணம் கேட்பவனிடம் நான் எதையும் வாங்கமாட்டேன். தவிர, அங்கே போய் வரும் பெட்ரோலுக்கு ஒரு ஆடு வாங்கலாம். ஜோரத் வர்தேயில் சறுக்குகிறவருக்கு எட்டரை, உட்கார்ந்திருப்பவருக்குப் பாதி. இதுதான் நியாயமான மலை. உடலைக் கொண்டு போவது வேறு, உடலைத் தூக்கிப் போடுவது வேறு என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

முஸ்யோ ஹலீம் மறுபடியும் கல்லாக்காரரின் கையைப் பிடிக்காமல் இருக்க ஒரே வழி, அவர் வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவது. வெள்ளிக்கிழமையே நம் வாடகைக் கார் ஓட்டுநர் அபு தோனியோடு ஜோரத் வர்தேவுக்குப் போய், டிக்கெட் ஜன்னலில் இருந்த ஷிப்லியிடம் ஆறு பேருக்கும் பணம் கட்டினேன். ஆறாவது அபு தோனிக்கு. ஓட்டுநரைக் கீழே குளிரில் விட்டுவிட்டு மேலே ஏறும் குடும்பம் நம்முடையது அல்ல. "ஞாயித்துக்கிழமை வாயே திறக்கமாட்டேன் மதாம். அவர் காசை நீட்டினா என்ன சொல்லணும்?" என்று ஷிப்லி கேட்டான். "மலை மூடியிருக்கிறது என்று சொல்" என்றேன். கயிறு கட்டிய ஆறு மஞ்சள் அட்டைகளோடு வீடு திரும்பினேன். வெகுநாள் கழித்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறன்று இரண்டு கார்கள் கிளம்பின. கல்யாணத்துக்கு முன் பையனும் பெண்ணும் ஒரே காரில் மலைப்பாதையில் போவதை நான் அனுமதிப்பதில்லை. எனவே ஃபாரெஸ் என் காரில், ஜோஸ்லின் அவன் பெற்றோர் காரில். இது என் ஏற்பாடுதான், இதற்கு மட்டும் பொறுப்பேற்கிறேன். பாதை பிரியும் இடத்தில் உம்மு வதீஉ என்ற அம்மாளின் ரொட்டிக்கடை இருக்கிறது. ஸாத்தர் மூலிகைப் பொடி தடவிய ரொட்டி சாப்பிட நிறுத்தினோம். அங்கேதான் முஸ்யோ ஹலீம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மதாம், இன்னிக்கு ஐன் பாஸ் பக்கம் காத்து சுகமா இருக்குமாம். அங்க போயிடலாமா?"

"ஜோரத் வர்தேயில் வெயில் நன்றாக அடிக்கிறதாம், முஸ்யோ ஹலீம்" என்றேன்.

"வெயிலா? இந்த மூடுபனியிலயா?"

"மூடுபனிக்கு மேலே."

"ஐன் பாஸ்ல நாற்காலிக்கு மெத்தை போட்டிருக்காங்க மதாம். உங்க முழங்காலுக்காகச் சொல்றேன்."

"என் முழங்கால் மெத்தையில் வளர்ந்ததல்ல."

அந்த மனிதர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என் காரணத்தை நான் சொல்ல முடியாது, சொன்னால் பணம் கட்டியது வெளியே வந்துவிடும். கடைசியில் அவர் நெஞ்சில் கை வைத்து, "உங்க வார்த்தை என் தலைமேல மதாம்" என்றார். நானும் மரியாதைக்கு, "உங்கள் விருப்பம்தான் என் விருப்பம்" என்றேன். அவர் இணங்கிவிட்டார் என்று நான் காரில் ஏறினேன். நான் இணங்கிவிட்டேன் என்று அவர் காரில் ஏறினார். நாங்கள் வலப்புறம் திரும்பினோம், அவர்கள் இடப்புறம். மூடுபனியில் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியவில்லை. மார்செலின் கணவர் ரொட்டிக்கடை வாசலில் நின்று இதைத்தான் பார்த்திருக்கிறார். தலைக்கு மூன்றரை லீராவை நாலாக்கியது மார்செலின் சொந்தக் கைங்கரியம்.

ஜோரத் வர்தேயில் காரை விட்டு இறங்கி, ஃபாரெஸுக்கும் அபு தோனிக்கும் கோட்டுப் பொத்தானில் மஞ்சள் அட்டையை நானே கட்டினேன். பிறகு காத்திருந்தோம். ஒரு கார் வந்தது, அது அவர்களுடையதல்ல. இன்னொன்று வந்தது, அதுவும் அல்ல. ஷிப்லியின் தொலைபேசிக் கம்பி முந்தைய நாள் காற்றில் அறுந்து கிடந்தது. அந்தப் பாதையில் ஒரு வளைவு உண்டு, நஸீப். உனக்கு நினைவிருக்கும். தடுப்புச் சுவர் இடிந்து, கீழே ஓடை வரை எதுவும் இல்லாத வளைவு. ஃபாரெஸ் ஒவ்வொரு காருக்கும் பாதை ஓரம் வரை ஓடிப் போய்த் திரும்பி வந்தான். சறுக்குக் கட்டைகளைப் பனியில் போட்டுவிட்டான், எடுத்துச் சாத்தி வைக்கக்கூட நினைவில்லை.

"அத்தை, அவளுக்கு மலைப்பாதையில குமட்டும். அப்பா காரை வழியில நிறுத்தியிருப்பாரு. அதான் லேட்டு. வேற ஒண்ணும் இருக்காது இல்ல?"

"வேறு ஒன்றும் இருக்காது."

"அவகிட்ட எலுமிச்சம்பழம் குடுத்து விட்டிருக்கேன். மோந்து பார்த்துக்கிட்டா சரியாயிடும்."

உன் மகள் என் வீட்டில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறாள். அவளுக்குக் குமட்டும் என்பது எனக்குத் தெரியாது. என்னிடம் சொன்னதில்லை. நான் ஜெபமாலையை எடுத்தேன். இரண்டாம் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள், "இதுக்கு மேல நிக்கக் கூடாது மதாம், ஏறுங்க" என்று அபு தோனி காரைத் திருப்பினார். இறங்கும் வழியெல்லாம் ஃபாரெஸ் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். குளிர் என் முழங்காலுக்குள் புகுந்தது. கண்ணாடியை ஏற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ரொட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தபோது எதிர்ப்பாதையிலிருந்து முஸ்யோ ஹலீமின் கார் இறங்கி வந்தது. நிற்பதற்கு முன்பே கதவு திறந்தது. ஜோஸ்லின் குதித்து, அழுதுகொண்டே ஓடி வந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் ஃபாரெஸைக் கட்டிக்கொண்டாள், உம்மு வதீஉவும் மாவு பிசைகிறவர்களும் பார்த்துக்கொண்டிருக்க. நான் அதைக் கண்டிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் ரொட்டிக்கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், யாரும் உட்காரச் சொல்லாமலே.

அப்போதுதான் பார்த்தேன். ஜோஸ்லினின் கோட்டில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. வதாதின் கோட்டில் ஒன்று. முஸ்யோ ஹலீமின் பையிலிருந்து மூன்று எட்டிப் பார்த்தன, அவர் பொத்தானில் ஒன்று. மொத்தம் ஆறு. அவர் ஃபாரெஸின் மஞ்சள் அட்டையைப் பார்த்தார், அபு தோனியின் மஞ்சள் அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மதாம்... நீங்களுமா?"

"எப்போது கட்டினீர்கள்?"

"சனிக்கிழமை. நீங்க?"

"வெள்ளி" என்றேன். ஒரு நாள் முந்திக்கொண்டதில் எனக்கு இருந்த திருப்தியை மறைக்க முயன்றேன்.

வதாத் காரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "நாங்க அங்க நின்னு, மதாம் எங்க பையனைக் கடத்திட்டுப் போயிட்டாங்கன்னு அழுதுக்கிட்டிருந்தோம். இவர் என்னடான்னா, 'அந்தம்மா பெட்ரோலுக்குக் காசு குடுத்துடப் போறாங்க'ன்னு புலம்பறாரு!"

அவர் வாங்கிய ஆறாவது டிக்கெட் யாருக்கு என்று கேட்டேன். "அபு தோனிக்குத்தான், வேற யாருக்கு?" என்றார். நஸீப், அந்த ஒரு பதிலிலேயே என் கோபம் போய்விட்டது.

எந்த மலைக்குப் போவது என்ற பேச்சு மறுபடி எழுந்தபோது வதாத் எங்கள் இருவரையும் அதட்டினாள். கடைசியில் எந்த மலைக்கும் போகவில்லை. ரொட்டிக்கடைக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் தகரத் தட்டில் சறுக்குவார்கள், யாரும் எதுவும் கேட்பதில்லை. ஃபாரெஸும் ஜோஸ்லினும் அங்கே சறுக்கினார்கள். தூக்கிச் செல்ல நாற்காலி இல்லாததால் ஒவ்வொரு முறையும் கட்டைகளைத் தோளில் போட்டு நடந்தே ஏறினார்கள். ஏறுவதற்கு மிக அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை.

கிளம்பும்போது நானும் முஸ்யோ ஹலீமும் ஒரே நேரத்தில் உம்மு வதீஉவை நோக்கிப் பாய்ந்தோம். அந்த அம்மாள் மாவுக் கையை ஆட்டி, "ரெண்டு பேரும் பையை மூடுங்க. அந்தப் பையன் காலையிலயே குடுத்துட்டான். நீங்க வெயிலா காத்தான்னு வாதாடிக்கிட்டிருந்தீங்களே, அப்பவே" என்றாள். முஸ்யோ ஹலீம் தன் மகனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் முந்திய ஒருவன், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதவன். எலுமிச்சம்பழத்தின் ஞாபகமும் எனக்கு வந்தது. பெண்ணை இவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுக்கப் போகிறோம்?

அந்த இடத்திலேயே நானும் முஸ்யோ ஹலீமும் வதாதின் கழுத்துச் சிலுவையைத் தொட்டு உறுதி எடுத்துக்கொண்டோம். ஈஸ்டருக்குப் பிறகு ஸஹ்லே ஆற்றங்கரையில் நிச்சயதார்த்த விருந்து. செலவு சரி பாதி. முன்கூட்டியே யாரும் யாருக்கும் தெரியாமல் எதையும் கட்டுவதில்லை. இனி இரு குடும்பத்துக்கும் இடையில் அப்படிப்பட்ட சிறுபிள்ளைத்தனம் இல்லை. பன்னிரண்டு டிக்கெட்டுகளையும் அபு தோனி தன் காரின் முன்கண்ணாடியில் தோரணமாகத் தொங்கவிட்டிருக்கிறார். பார்க்க அழகாகவே இருக்கிறது. பணம் வீணானதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வளைவை நினைத்தால், இன்னொரு பன்னிரண்டு வாங்கவும் தயார், ஜோரத் வர்தே விலையில்.

கன்னி மரியாள் உன்னையும் உன் கடையையும் காப்பாளாக. உன் மனைவிக்கு என் முத்தங்கள். பிள்ளைகள் பிரெஞ்சு எழுத்தில் உச்சரிப்புக் குறிகளை விடாமல் எழுதுகிறார்களா என்று நான் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
லோரிஸ் அபூ நாதிர்

பி.கு. நேற்று வேறு வேலையாக ஸஹ்லே பக்கம் போக நேர்ந்தது. ஆற்றங்கரையில், பாலத்தை ஒட்டிய உணவகத்தில் நிச்சயதார்த்த விருந்து முழுவதற்கும் பணம் கட்டிவிட்டேன். பெண்ணின் தகப்பன் ஊரில் இல்லாதபோது பாதி பாதி என்பது பார்க்க நன்றாக இராது. உறுதிமொழி எடுக்கும்போது என் கையில் கையுறை இருந்தது, நான் சிலுவையைத் தொட்டதாகச் சொல்ல முடியாது. வெளியே வந்தபோது, எதிர்க்கரை உணவகத்தின் வாசலில் முஸ்யோ ஹலீமின் கார் நின்றுகொண்டிருந்தது. ஆகவே, நீ சம்மதிக்கிறாய் என்றும், பெண்ணின் தகப்பன் என்ற முறையில் விருந்து பாலத்தை ஒட்டிய உணவகத்தில்தான் நடக்க வேண்டும் என்றும் உன் கையாலேயே எழுதி அனுப்பு. தந்தி வேண்டாம். கடிதமாக எழுது.