அப்டின்னாவும் என் எறா சட்டியும்

வாயால் சொல்லாத எதையும் உலகத்தில் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் படூரில் என் மெஸ்ஸில் சாப்பிட்டார்.

பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் எதைப் பேசினாலும் நடுவில் ‘அப்டின்னா’ என்று ஒரு இழுப்பு இழுப்பார். மாடியில் தங்கியிருந்த பிள்ளைகள் அதையே பெயராக்கிவிட்டார்கள். நாற்பதை நெருங்கின ஆள், ஒடிசலான உடம்பு, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டதற்கு, “பண்ணிக்கோன்னு யாரும் சொல்லலம்மா” என்றார்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். ஆனால் என் சாம்பாரைக் குறை சொன்ன நாக்கு ஓ.எம்.ஆர். ரோட்டில் இதுவரைக்கும் கிடையாது. ஓனர் கட்டின ஹாஸ்டலில் கீழ்த்தளம் முழுக்க என் சமையற்கட்டு. மேலே இருப்பவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்கள். வாசல் பலகையில் ஓனர் பெயர் இல்லை, என் பெயர்தான் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அப்டின்னா வந்த முதல் நாள், இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆவி அடங்கிப்போய் இட்லி கல்லாகிவிட்டது.

“இன்னா நைனா, பசிக்கலியா?”

“பசிக்குதும்மா. சாப்புடலாம்னு யாரும் சொல்லல. அப்டின்னா, இன்னும் ரெடியாவலன்னு எடுத்துக்கினேன்.”

“தட்டுல இட்லி கீதே, கண்ணு தெரியல?”

“இட்லி கீது. சாப்புடலாமான்றது வேற விஷயம்.”

அன்று முதல் ஒவ்வொரு வேளையும் அவருக்கு மட்டும் “சாப்புடு” என்று தனியாக உத்தரவு போட்டேன். மற்றதுகள் உத்தரவுக்கு முன்னாலேயே தின்று முடித்துவிடும்.

இதாவது பரவாயில்லை. ஒரு நாள் நான் பின்கட்டில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கேஸ்காரர் சிலிண்டரோடு வாசலில் வந்து, “வூட்ல ஆளு கீதா?” என்று கேட்டிருக்கிறார். அப்டின்னா நிதானமாக யோசித்து, “அம்மா உள்ள கீறாங்கன்னு எனக்கு யாரும் சொல்லல. அப்டின்னா, இல்ல” என்றிருக்கிறார். கிரைண்டர் சத்தம் கேளம்பாக்கம் வரைக்கும் கேட்கிறது. கேஸ்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு சிலிண்டரோடு போய்விட்டார். அன்றைக்கு ஹாஸ்டல் முழுக்க விறகடுப்பில்தான் சோறு. புகையில் என் கண் சிவந்ததைப் பார்த்து, “ஏம்மா அழுவுறீங்க?” என்று அவரே வந்து கேட்டார். கையில் கரண்டி இருந்தது. கையை அடக்கிக்கொண்டேன்.

“இன்னா பொழப்புய்யா உன்னுது?” என்று அப்போதுதான் கேட்டேன். அடுப்படி வாசலில் குந்தி உட்கார்ந்து சொன்னார்.

கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் புரோகிராம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்குமாம். ஒன்றில் கை வைத்தால் வேறு எங்கே உடையும் என்று எழுதினவருக்கே தெரியாதாம். இவர் வைத்திருப்பது ஒரு தினுசான டேட்டாபேஸ். அதில் தெரிந்த விஷயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவைப்பார். இது இதன் மேல் சாய்ந்திருக்கிறது, அது அதன் மேல் சாய்ந்திருக்கிறது என்று. கூடவே இரண்டு மூன்று சட்டம் போடுவார். அப்புறம் கேள்வி கேட்டால் போதும்.

“எப்டி தேடணும்னு நான் சொல்ல மாட்டம்மா. இன்னா வேணும்னு மட்டும்தான் கேப்பேன். அதுவே சட்டத்தப் புடிச்சிகினு போயி பதில் கொணாரும். ஏன் அந்தப் பதிலுன்னு கேட்டா, வந்த வழியும் சொல்லும்.”

“தொவரம்பருப்பு வேகலன்னா சாம்பார் போச்சு. சாம்பார் போனா சாம்பார் வடை போச்சு. இதானே?”

“அதேதாம்மா.”

“இதுக்கு ஒரு மெஷினா? சாவு வூட்டுக்குப் போனவனுக்குத் தீட்டு. அவனத் தொட்டவனுக்கும் தீட்டு. தொட்டவனத் தொட்டவனுக்கும் தீட்டு. எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும்.”

“இத்த ஆபீஸ்ல புரியவைக்க நான் ஒரு வாரமா மல்லுக்கட்டிகினு கீறேன்” என்றார்.

சொல்லாதது ஏன் இல்லை என்றும் கேட்டேன். அந்த டேட்டாபேஸின் வழக்கமே அதுதானாம். சொல்லிவைத்தது உண்டு, சொல்லிவைக்காதது இல்லை. மெஷினுக்குப் பாடம் சொல்லிச் சொல்லி இவரும் மெஷின் மாதிரி ஆகிவிட்டார் என்று விட்டுவிட்டேன்.

அந்த மழைக்காலத்தில்தான் என் அடுப்புக்கே ஆபத்து வந்தது.

மாடியில் விபூதி என்று ஒரு பிள்ளை இருந்தான். திருக்கழுக்குன்றத்துக் கோயில் குடும்பம். நெற்றி நிறைய பட்டை போட்டிருப்பதால் அந்தப் பெயர். முட்டை வாசனைக்கே தூர எழுந்து போகிறவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் உதடு மட்டும் பணியாரம் மாதிரி வீங்கிவந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இறால் ஒத்துக்கொள்ளாத உடம்பு இது என்று சொல்லிவிட்டார். எங்கள் வாயில் அது எறா. அவன் அப்பா கூடவே நின்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், நேரே ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார்.

“என் பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த வஸ்துவைக் கண்ணால பார்த்ததில்லை. உங்க மெஸ்ஸுலதான் கலந்திருக்கு” என்று ஓனர் முன்னால் நின்றார்.

ஓனர் என்னிடம் வந்தார். “யக்கா, தப்பா நெனச்சிக்காத. வெளிய தெரிஞ்சா ஹாஸ்டலு காலி. வர்ற ஞாயித்துக்கெழம எல்லாரையும் வச்சிப் பேசுவோம். உன் மேல தப்புன்னா அடுப்ப அணைச்சிடலாம். வெளியிலேர்ந்து கேட்டரிங் சொல்லிக்கலாம்.”

என் சமையலில் எறா கலந்ததாம். சனிக்கிழமை ராத்திரி அசைவக்காரர்களுக்கு எறா வறுப்பது உண்டுதான், அதற்காகக் கலப்பேனா?

அப்டின்னா தாமாகவே வந்தார். “மெஷின்ல போட்டுப் பாக்கலாம்மா” என்று லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வியால் குடைந்தார்.

“எறா எதுல வறுக்குறீங்க?”

“இருப்புச் சட்டியில.”

“வடை எதுல சுடுறீங்க?”

“இருப்புச் சட்டியில. வேற எதுல, தலையிலயா?”

ஞாயிறு காலை, சாப்பாட்டு ஹாலில் எல்லாரும் கூடினார்கள். விபூதி சுவரோடு சுவராக நின்றான். அவன் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அப்டின்னா கேள்வியைத் தட்டினார். மெஷின் பதிலைக் கொடுத்தது. அந்த மகானுபாவர் அதைச் சத்தமாகப் படித்தார்.

“எறா இருப்புச் சட்டியத் தொட்டுது. இருப்புச் சட்டி வடையத் தொட்டுது. வடை இந்தத் தம்பி வாயத் தொட்டுது. அப்டின்னா...”

எனக்காக வாதாட வந்தவர்தான் இந்த மனிதர். ஓனர் தலையைக் குனிந்துகொண்டார். விபூதியின் அப்பா, “நான் சொன்னேனே” என்றார்.

உள்ளே போனேன். ஒரு சட்டியை அடுப்பிலிருந்தும் இன்னொன்றைப் பின்கட்டிலிருந்தும் எடுத்துவந்து மேசை மேல் ணங்கென்று வைத்தேன்.

“இது வடை சட்டி. இது பின்கட்டு அடுப்புல இருக்குற எறா சட்டி. அதுக்கு எண்ணெ வேற, கரண்டி வேற. இதுங்க ரெண்டும் ஒண்ண ஒண்ணு மூஞ்சி பாத்துக்குறதே இன்னிக்குத்தான்.”

அப்டின்னா இரண்டு சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு கீதுன்னு நீங்க சொல்லவே இல்லியேம்மா.”

“ஒண்ணுதான் கீதுன்னு நான் எப்ப சொன்னேன்? சைவம் துன்றவங்களுக்குத் தனிச் சட்டின்னு எந்த வூட்ல வாய்விட்டு சொல்லுவாங்க?”

அவர் வாய் திறந்தது. “அப்டின்னா...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அந்த வார்த்தை பாதியில் நின்றதை நாங்கள் யாரும் அதுவரைக்கும் பார்த்ததில்லை. பிறகு குனிந்து இரண்டு சட்டிக்கும் இரண்டு பெயர் கொடுத்துத் தட்டினார். திரும்பக் கேட்டார். இந்தத் தடவை மெஷின் வழியே இல்லை என்றது. எறாவுக்கும் அந்தப் பிள்ளை வாய்க்கும் என் மெஸ்ஸுக்குள் எந்த வழியும் இல்லை.

“அப்ப உதடு எப்படி வீங்குச்சு? இவன் வெளியில எதுவும் சாப்பிடறவன் இல்லையே” என்றார் விபூதியின் அப்பா.

வழக்கமான அப்டின்னாவாக இருந்தால், ‘சாப்பிட்டதா யாரும் சொல்லல, அப்டின்னா சாப்பிடல’ என்று முடித்திருப்பார். என் கதையும் முடிந்திருக்கும். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்:

“இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். எனக்கு யாரும் சொல்லலன்னு மட்டும் சொல்றேன். ஒரு விஷயம் கொறையுது. தெரிஞ்சவங்க சொன்னா சேத்துக்கலாம். சொன்னவங்கள யாரும் தப்பா நெனக்கப்போறதில்ல.”

பிறகு சுவர்ப் பக்கமிருந்து மெல்லிய குரல் வந்தது.

“மாமல்லபுரம்பா. பீச்சுல, தள்ளுவண்டியில. சனிக்கிழமை சாயங்காலம்.”

“கடற்கரைக் கோயிலுக்குப் போறேன்னு தானேடா சொன்ன?”

“கோயிலுக்கும் போவேன்பா. வண்டி அந்த வழியிலதான் நிக்கும்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். “பூஜையே நடக்காத கோயிலுக்கு வாராவாரம் என்னடா பக்தின்னு நான் அப்பவே யோசிச்சேன்” என்றார். முதலில் சிரித்தது ஓனர். அப்புறம் அந்த அப்பாவாலும் அடக்க முடியவில்லை. போகும்போது என் வடையை நாலு தின்றுவிட்டு, பொட்டலமும் கட்டிக்கொண்டு போனார். விபூதி இன்றைக்கும் என் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறான். எறா பக்கம் போவதில்லை.

அந்த வாரமே அப்டின்னா அடுப்படிக்கு வந்தார். “உங்க சட்டியால ஆபீஸ்ல சட்டத்த மாத்திட்டம்மா. இனிமே மெஷின் வெறுமனே ‘இல்ல’ன்னு சொல்லாது. ‘எனக்குச் சொன்ன வரைக்கும் இல்ல’ன்னுதான் சொல்லும்.” அதை அவர் சொன்ன விதத்தில் என் சட்டிக்கு ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

போன சித்திரையில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பெட்டியோடு வந்து, “போறம்மா” என்றார். ‘போய்ட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாதா என்று கேட்டேன். வருவதாக அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையாம். கல்லில் தோசை இருந்தது. காலைக் கூட்டம் வேறு. “சரி, பாத்துப் போ” என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பினேன். திரும்பிப் பார்த்தபோது ஆள் இல்லை.

நைனா, என் அடுப்பு அணையாமல் எரிவது உன்னால்தான். நீ இங்கே இருந்த வரைக்கும் இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. அப்படியானால் உன் கணக்கில் அது இல்லை என்றுதானே இருக்கும். இப்போது சொல்லிவிட்டேன். சேர்த்துக்கொள்.