இரண்டாம் பாகத்து அமெரிக்கன்

அமெரிக்காவில் கால் வைக்காமலே அந்த நாட்டை மேற்குக் கடல் வரைக்கும் கட்டி முடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் சுவிசின் ஓல்டன் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த பொதிக் கிடங்கில், என்னோடு பெட்டி அடுக்கினார். தாய் தகப்பன் வைத்த பெயரொன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் ‘அமெரிக்கன்’.

அகதி முகாமில் விசாரணைக்குக் காத்திருந்த காலத்தில் அவருக்கு வாசிக்கக் கிடைத்தது ஒரே ஒரு ஜெர்மன் புத்தகம். அமெரிக்க வரலாறு, இரண்டாம் பாகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு மட்டும். அதை வைத்தே மனிதர் டொச் மொழி படித்தார். கடையில் பாண், பால் கேட்கத் தெரிய முன்னமே நீராவி இயந்திரம், அடிமை ஒழிப்பு, இருப்புப் பாதை எல்லாம் அவருக்கு டொச்சில் தண்ணீர்பட்ட பாடு.

“மூண்டாம் பாகம் வாசிக்க ஆசையில்லையோ அண்ணை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வேண்டாம் ஐசே. அதுக்குள்ள கார் வந்திடும். பிறகு ரயிலை ஆர் மதிக்கிறது?”

நத்தார்ப் பண்டிகை நெருக்கத்தில் கிடங்கின் இந்தக் கரையிலிருந்து தமிழரும் அந்தக் கரையிலிருந்து போர்த்துக்கேயரும் பெட்டி அடுக்கிக்கொண்டு வருவோம். இரண்டு வரிசையும் நடுவில் முட்டிய நேரம் அமெரிக்கன் “நிப்பாட்டு!” என்று கத்தினார். பொன் வர்ணம் பூசிய ஆணியொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மரத்தட்டில் அறைந்தார். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சந்தித்தபோது அங்கே பொன்னாணி அடித்தார்களாம். இரண்டு மேற்பார்வையாளர்களையும் கைகுலுக்க வைத்துப் படம் வேறு எடுத்தார். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பாராத அந்த இரண்டு பேரும், பிடித்த கையை எப்போது விடுவதென்று தெரியாமல் நின்றார்கள்.

சமூக சீர்திருத்தத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பெண்கள் சாராயக் கடை வாசலில் முழந்தாளிட்டு, கடையை மூடச் சொல்லிப் பிரார்த்தித்தார்களாம். ஒரு பிறந்தநாள் விழாவில், விஸ்கிப் போத்தல்கள் இருந்த மேசைக்கு முன்னால் இவர் முழந்தாளிட்டார்.

விழா வீட்டுக்காரர் பதறிப்போனார். “இந்தாளுக்கு ஆரடாப்பா முதலே ஊத்தினது?”

இவ்வளவும் சிரிப்பாகத்தான் இருந்தது, நான் சுவிஸ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வரை. நேர்முகத்தில் நான் சொதப்பினால் மனைவி, பிள்ளைகளின் கடவுச்சீட்டும் என்னோடு சேர்ந்து போய்விடும். மறுபடி எத்தனை வருடம் காத்திருப்பதோ! எனக்கோ கேள்வி என்று யாராவது வாயைத் திறந்தாலே தெரிந்த பதிலும் மறந்துவிடும். “சுவிசை விளங்கவேணுமெண்டா முதல் அமெரிக்காவைப் படியும்” என்று அமெரிக்கன் பொறுப்பெடுத்தார். ஒவ்வொரு தேநீர் இடைவேளையும் வகுப்பு. மறுக்கத் தைரியம் இருந்திருந்தால் கேள்விக்கு ஏன் பயப்படுகிறேன்?

அந்த நாளும் வந்தது. நேர்முகக் குழுவின் தலைவி யாரென்று பார்த்தால் என்னுடைய பல் வைத்தியர்! மூளை மூடிக்கொண்டது. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் அகலத் திறந்தது.

“எங்கள் ஊர் வழியாக ஓடும் ஆறு எது?”

“மிசிசிப்பி.”

அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலில், நான் தினமும் பாலத்தால் கடக்கும் ஆறு நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் இருமினார். என் முதுகில் வேறு ஓர் ஆறு ஓடியது.

தலைவி அடுத்த கேள்விக்குப் போனார். “ஊரி சின்ன மாநிலம். சூரிச் பெரியது. மேலவைக்கு இரண்டும் இரண்டிரண்டு பேரை அனுப்புகின்றன. ஏன்?”

உள்ளே இருந்தது அமெரிக்கன் மட்டும்தான், அவரைத் திறந்துவிட்டேன். மேற்கே புதுப்புது மாநிலங்கள் சேரச்சேர, சின்னதோ பெரியதோ, ஒவ்வொன்றுக்கும் மேலவையில் இரண்டு இடம் கொடுத்ததையும், பெரியவர்கள் சின்னவர்களை விழுங்காமலிருக்க அந்த ஏற்பாடு என்பதையும், அடிமைமுறை மாநிலங்களும் மற்றவையும் அந்த இடங்களுக்காகப் பிடித்த சண்டையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். “1848இல் எங்களவர்கள் அமெரிக்காவைப் பார்த்துத்தான் இந்த இரண்டு சபைகளையும் அமைத்தார்கள். இந்த மேசையில் இதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.” பிறகு சிரித்தபடி, “அந்த ஆற்றை மட்டும் இன்னொரு தரம் யோசிக்கிறீர்களா?” என்றார்.

“ஆரே ஆறு!” நான் போட்ட சத்தம் அக்கரைக்கே கேட்டிருக்கும்.

பரிந்துரைப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்தால், காய்ச்சலுக்கும் லீவு எடுக்காத அமெரிக்கன் தூறலில் நனைந்தபடி நிற்கிறார்.

“என்ன ஐசே, சரியோ?”

“ஓம் அண்ணை. உங்கட அமெரிக்காதான் காப்பாத்தினது.”

ஒரு பிரசங்கம் வருமென்று காத்திருந்தேன். அவர் மூக்கைத்தான் சிந்தினார்.

“நீங்களும் விண்ணப்பம் போடுங்கோவன் அண்ணை. உங்களுக்கெண்டா தண்ணி குடிக்கிற மாதிரி.”

“ஏலாது ஐசே.” அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். “முகாமில ஒருக்கா விசாரணைக்கு இருந்தனான். மேசைக்கு அங்கால நாலு பேர் இருந்தாலே எனக்கு என்ர பேரும் மறந்துபோம்.”

அவருக்கும் என்னைப் போலவே பயம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

“நான் வாசலில நிக்கிறன் அண்ணை.”

“மழையெண்டாலும்?”

“மழையெண்டாலும்.”

அமெரிக்கன் இன்னும் விண்ணப்பம் போடவில்லை. நான் பெரிய குடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.